உடற்பருமனும் உள்ளச் சோர்வும்: இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கண்டதும் கேட்டதும்

சென்ற ஆண்டு பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, சங்க வேலையாகச் சென்னை சென்று காஞ்சிபுரம் திரும்பும் வழியில் இருங்காட்டுக்கோட்டை நிறுத்தத்தில் இறங்கினோம். நமது அங்கத்தினர் ஒருவர், வாலாஜாபாத்தை அடுத்த ஊரில் தறி போட்டிருப்பவர், தம் மகனிடம் கொடுக்கச் சொல்லி ஒரு துணிப் பொட்டலத்தை நம்மிடம் ஒப்படைத்திருந்தார். மகன் அங்குள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 7 ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். ஷிப்டு மாறும் வேளை. பேருந்துகள் வரிசையாய் வந்து ஆட்களை இறக்கிவிட்டு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. பையன் வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். பண்டிகைக்கென்று ஊர்த் தையற்காரரிடம் பழைய அளவு கொடுத்துத் தைத்த சட்டை. அதைத் தோளோடு வைத்துப் பார்த்தார், மடித்தார், மீண்டும் நம் கையில் கொடுத்துவிட்டார்.

“ஐயா, இது எனக்குச் சேராது. பொங்கலுக்கு நான் வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஷிப்டு இருக்கிறது என்று சொல்லுங்கள்” என்றார்.

ஷிப்டு இருந்ததா என்று நாம் கேட்கவில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசியபோது காரியம் தானே வெளியில் வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது 62 கிலோவாக இருந்தவர் இப்போது 81 கிலோ. ஊருக்குப் போனால் தெருவில் உள்ளவர்கள் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. வேறொரு பட்டப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெரியம்மா வாய்விட்டே ஏதோ சொல்லிவிட்டாராம். அன்று முதல் ஊர்ப் பயணம் குறைந்துவிட்டது. இரவில் தூக்கம் சரியில்லை. பகலில் கண் சொக்குகிறது. விடுமுறை நாளில் அறையை விட்டு வெளியே வர மனம் வருவதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, சர்க்கரை தூக்கலாக இன்னொரு தேநீர் கேட்டார்.

நமது பத்திரிகையில் நூல் விலை, கடன் தவணை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றித்தான் வழக்கமாக எழுதுகிறோம். உடற்பருமனைப் பற்றி எழுத என்ன வந்தது என்று சில அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நம் குடும்பங்களில் தறியிலும் கழனியிலும் ஒருவர் இருந்தால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் இருவர் இருக்கிறார்கள். அவர்களுடைய தேகாரோக்கியம் நம் சங்கத்தின் சொத்துக் கணக்கில் எழுதப்படாத சொத்து. எனவே எழுதுகிறோம்.

ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைந்த நாடு இது. 1996ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டிற்று. 1998இல் கார்கள் வெளிவந்தன. அதன் பிறகு சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடம் வரை நீண்டன. வெளியூர்களிலிருந்து வந்து தங்கும் பெண் தொழிலாளர் தொகை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும்: 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண்கள் விடுதியில் 18,720 பேர் தங்க இடமுண்டு. ஒரு பேரூரின் ஜனத்தொகை ஒரே வளாகத்தில் உண்டு உறங்குகிறது! அவர்கள் என்ன உண்கிறார்கள், எப்போது உறங்குகிறார்கள் என்பது சிறு விஷயமன்று.

இனி, பருமன் என்று எதைச் சொல்வது? கிலோக் கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு மருத்துவர்கள் இதைக் கணிக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 25க்கு மேல் மிகை எடை என்றும், 30க்கு மேல் பருமன் என்றும் வகுத்துள்ளது. ஆனால் நம் நாட்டவர் உடல் வேறு வாகு. ஆதலால் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் கூடிப் பேசி, நமக்கு 23 முதலே மிகை எடை, 25 முதலே பருமன் என்று வரையறுத்தனர். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 62½ கிலோ வரை கவலையில்லை. 68 கிலோவைத் தாண்டினால் பருமன். நாம் கண்ட பையனுடைய உயரம் அதுவே. அவருடைய எண் 30ஐ நெருங்கிவிட்டது.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 25 என்ற எல்லையைத் தொட்டோரும் தாண்டியோரும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்குச் சற்று மேல், ஆண்களில் நூற்றுக்கு 37 பேர். அதற்கு முந்திய ஆய்வில், அதாவது 2015–16இல், இது பெண்களில் 31, ஆண்களில் 28 என்ற அளவில்தான் இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் கூடியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான கணக்கு நூற்றுக்கு 24, 23 என்பதே. இவ்விஷயத்தில் நாம் முன்னணி மாநிலம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள இடமில்லை. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்லுகிறது: நம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. பருத்த உடம்பு என்றால் போஷாக்குள்ள உடம்பு என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, இரத்தத்தில் இரும்பு இல்லை.

சணல் ஆலையும் பஸ் கண்டக்டரும்

உழைப்பு குறைந்தால் பசியும் குறையும், ஆகவே உடம்பு தன்னைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது உண்மையா என்பதை ஆலைத் தொழிலாளரிடையே ஆராய்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அதுவும் நம் நாட்டிலேயே. ஜீன் மேயர் என்பவர் பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஊட்டச்சத்து அறிஞர். அவரும், ராய், மித்ரா என்னும் இருவரும் சேர்ந்து, கல்கத்தாவுக்கு அருகில் ஹூக்ளிக் கரையிலிருந்த ஒரு சணல் ஆலையில் 213 பேருடைய உணவையும் எடையையும் வேலையையும் கணக்கெடுத்தனர். முடிவுகள் 1956இல் வெளியாயின. சுமை தூக்குவோர் முதல் எழுத்தர்கள், நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்திருப்போர் வரை எல்லாத் தரத்தாரும் அதில் இருந்தனர்.

அவர்கள் கண்டது வியப்புக்குரியது. இலேசான வேலை செய்வோரிலிருந்து மிகக் கடினமான வேலை செய்வோர் வரை, வேலை கூடக் கூட உணவும் கூடிற்று. எடை மட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. அதாவது உழைக்கும் உடம்பு தன் தேவையைத் தானே அறிந்து உண்கிறது. ஆனால் அந்த இலேசான வேலைக்கும் கீழே, உட்கார்ந்தே இருப்பவர்களிடத்தில் வந்தபோது, உணவு குறையவில்லை, மாறாகக் கூடிற்று! கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், மூட்டை சுமப்பவர்களுக்குச் சமமாக உண்டனர்; எடையிலோ எல்லோரையும் மிஞ்சினர். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உழைப்பு போய்விட்டால், பசியின் தராசு முள் பழுதுபட்டுப் போகிறது என்பதே இதன் பொருள். சணல் ஆலைத் தொழிலாளிக்குத் தெரியாமலே நடந்தது இது. நம் பிள்ளைகளுக்கும் தெரியாமலேதான் நடக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் லண்டன் நகரில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். டிரைவர் உட்கார்ந்தே இருப்பவர். கண்டக்டர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்குபவர். இருதய நோய் கண்டக்டர்களிடம் குறைவாகவும், வந்தாலும் கடுமை தணிந்ததாகவும் இருந்தது என்று 1953இல் அவர் எழுதினார். நெசவாளர்களாகிய நமக்குச் சுவையான செய்தி ஒன்று இதில் உண்டு. 1956இல் அவரும் அவருடைய நண்பர்களும் அப்பணியாளர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தனர். ஒரே உயரமுள்ளவர்களில் டிரைவரின் கால்சட்டை இடுப்பு, கண்டக்டருடையதைவிட அகன்றிருந்தது. தையற்காரரின் குறிப்பே மருத்துவருக்குச் சாட்சியாயிற்று. டிரைவர் வேலைக்குச் சேர்பவர்கள் தொடக்கத்திலேயே சற்றுப் பருமனானவர்களோ என்ற ஐயமும் அப்போதே எழுந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எனினும் படி ஏறுவதன் பயனைப் பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் உறுதிப்படுத்தியுள்ளன.

நம் பக்கத்துக் கதையும் இதுவே. ஏற்றம் இறைத்த நாளில் ஒரு குடியானவர் விடியற்காலையில் செலவிட்ட பலத்தை, இன்று மோட்டார் சுவிட்சைத் தட்டும் விரல் செலவிடுகிறது. நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம். தெருவில் பாவு நீட்டி முன்னும் பின்னும் நடந்த நடையும் பல ஊர்களில் நின்றுவிட்டது. இவையெல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. முதுகு ஒடிய ஏற்றம் மிதித்தவர்களுக்கே அந்தக் கஷ்டம் தெரியும். உழைப்பு குறைந்தபோது தட்டில் சோறு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது என்பதே நாம் சொல்லவருவது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வில், இந்தியர் உண்ணும் உணவின் வெப்ப சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுப் பொருளிலிருந்தே வருகிறது என்று 2025இல் வெளியிட்டனர். பருப்பும் காயும் தட்டின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

தேநீரைப் பற்றி ஒரு சொல். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி, அதாவது ஏறக்குறைய 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஷிப்டில் ஐந்து தேநீர் குடிப்பவர் 50 கிராம் குடித்துவிடுகிறார். அவர் இனிப்பே சாப்பிடுவதில்லை என்று சத்தியம் செய்வார், அது பொய்யுமன்று.

இரவு ஷிப்டுக்கும் இதில் பங்குண்டு. சிகாகோ நகரில் 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் உறங்கச் செய்து பார்த்தனர். ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு நூற்றுக்கு 18 பங்கு குறைந்தது; ‘பசிக்கிறது’ என்று சொல்லும் கிரெலின் 28 பங்கு கூடிற்று. இனிப்பும் உப்பும் மாவும் கலந்த பண்டங்களின் மேல் அவர்களுக்கு ஆசை மிகுந்தது. விடியற்காலை ஷிப்டு முடிந்து வருபவர் பரோட்டாக் கடையில் நிற்பதைக் கண்டு ‘வாய்க்கு அடங்காதவன்’ என்று பேசுவோர் இதைக் கவனிக்கவேண்டும். அது நாக்கின் குற்றம் மட்டுமன்று. உறக்கம் இழந்த உடம்பின் கூக்குரல்.

உடம்பில் நடப்பதும் மனத்தில் நடப்பதும்

மிகையான கொழுப்பு தோலுக்கடியில் தங்கினால் அவ்வளவு கேடில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் படிவதே பொல்லாதது. அங்கே படிந்த கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது; இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது; கல்லீரல் கெடுகிறது. கழுத்தைச் சுற்றிச் சதை கூடினால் உறக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டு, குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டாகின்றன. அத்தகையவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உறங்கினவர் ஆகமாட்டார். இயந்திரத்தின் முன் கண் சொக்குவது இதனால்தான். முழங்கால் மூட்டைப் பற்றி 2005இல் வெளியான ஒரு கணக்கு: உடலில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பளு 4 கிலோ குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்குக் கோளாறும் மகப்பேற்றுத் தடையும் இதனால் நேரலாம். 13 வகைப் புற்றுநோய்களுக்கும் மிகைப் பருமனுக்கும் தொடர்புண்டு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் அறிவித்தது.

இவையெல்லாம் மருத்துவர் வாயால் எவரும் கேட்டறியக்கூடியவை. மனத்தைப் பற்றியே நாம் அதிகம் எழுத விரும்புகிறோம். ஏனெனில் அதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை.

பருமனும் மனச்சோர்வும் ஒன்றுக்கொன்று வழிவிடும் இரட்டைக் கதவுகள். பல நாடுகளில் 58,745 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 15 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பருமனானவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நூற்றுக்கு 55 பங்கு மிகுதி. மனச்சோர்வில் இருப்பவர்கள் பின்னால் பருமனாகும் வாய்ப்பும் ஏறக்குறைய அதே அளவு, 58 பங்கு மிகுதி. சோர்ந்தவர் வெளியே வருவதில்லை, நடப்பதில்லை, துயரத்தை உணவில் ஆற்றிக்கொள்கிறார். பருத்தபின் வெட்கத்தால் இன்னும் வெளியே வருவதில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வராத பையனை நினைத்துப் பாருங்கள்.

‘நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால்தான் ரோஷம் வந்து இளைப்பான்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமே ஒரு காலத்தில் அப்படிச் சொன்னதுண்டு. இப்போது அதற்காக வெட்கப்படுகிறோம். இங்கிலாந்தில் 2,944 பேரை 4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எடையின் காரணமாக இகழ்ச்சிக்கு ஆளானதாகச் சொன்னவர்களின் எடை சராசரி 0.95 கிலோ கூடியிருந்தது. அவ்வாறு ஆளாகாதவர்களின் எடை சராசரி 0.71 கிலோ குறைந்திருந்தது. ஏளனம் இளைக்கச் செய்யும் மருந்தன்று. அது எதிர்த் திசையில் தள்ளுகிறது. 2020இல் பல நாட்டு மருத்துவர் சங்கங்கள் ஒன்றுகூடி, பருமனானவர்களை இழிவாகப் பேசுவதையும் நடத்துவதையும் ஒழிக்கவேண்டும் என்று கூட்டறிக்கை வெளியிட்டதற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை.

இதில் பெண்களின் பாடு இன்னும் கடினம். மகப்பேற்றுக்குப் பின் கூடிய எடைக்கு மாமியார் வீட்டில் ஒரு பேச்சு, ஆலையில் சீருடை அளவு மாறினால் ஒரு சிரிப்பு. விடுதியில் தங்கும் பெண்களில் சிலர் காலை உணவை விட்டுவிட்டு இளைக்கப் பார்க்கிறார்கள். பட்டினி கிடந்தவர் மாலையில் கண்டதையும் உண்பார், இரத்தசோகையும் கூடும்.

இப்போது, சட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தந்தையாரிடம் சென்ற கதையைச் சொல்லவேண்டும். அவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். நெய்வது நிற்கவில்லை. “பார்த்தீர்களா ஐயா, நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன்; இன்றைக்கும் 58 கிலோதான். அவன் இரண்டு ஆள் சோற்றைத் தின்கிறான்” என்றார். நம் கைப்பையில் அரசு மருத்துவமனையில் கற்றுக்கொண்ட ஒரு வித்தை இருந்தது. பெரியவரை எழுந்து நிற்கச் சொல்லி, அவர் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து அறுத்தோம். அதைச் சரிபாதியாக மடித்தோம். மடித்த நூலைத் தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றைச் சுற்றிப் பிடித்தோம். இரு முனைகளும் சேரவேண்டும், சேரவில்லை. நான்கு விரற்கடை இடைவெளி நின்றது.

இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும் என்பதே இதன் கணக்கு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2022இல் இதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையும் உண்டு. பெரியவரின் இடுப்பு 89 செ.மீ.; அந்த எல்லைக்குள் தப்பிவிட்டார். நூலோ அவரைப் பிடித்துக்கொண்டது. 163 செ.மீ. உயரமும் 58 கிலோவும் உள்ளவருக்கு எடைக் கணக்கு 22க்குள் அடங்கிவிடும். எந்த மருத்துவரும் அவரைப் பருமன் என்று சொல்லமாட்டார். ஆயினும் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே நின்றது.

புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக் என்பவர் இதைத்தான் நெடுங்காலம் ஆராய்ந்தார். 2004இல் அவரும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று ஒரு புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. இருவருக்கும் எடைக் கணக்கு ஒன்றே, 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2. மெலிந்த தோற்றத்துக்குள் மறைந்திருக்கும் பருமன்! இந்தியர்களுக்கு இளவயதிலேயே நீரிழிவு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 142. மறுமுறை சோதித்தும் அப்படியே. 126ஐத் தொட்டாலே நீரிழிவு என்பது விதி. மகனும் பின்னர் சோதித்துக்கொண்டார்: சர்க்கரை 118, இரத்த அழுத்தம் 150க்கு 96. மகன் வாசற்படியில் நிற்கிறார். தந்தையோ, தமக்குத் தெரியாமலே உள்ளே போய்விட்டிருந்தார். தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ள பெரியோர் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கூறுகிறது. அவர்களில் ஒருவராய்ப் பெரியவரும் தம் தறியில் உட்கார்ந்து மகனைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

செய்யக்கூடியது

இதற்குப் பரிகாரம் உண்டா என்றால், நம் சென்னையிலேயே கண்டறிந்திருக்கிறார்கள். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை 3 ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவு வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இதில் நாம் கவனிக்கவேண்டியது, அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. தராசு முள் அசையாவிட்டாலும் உடம்புக்குள் நன்மை நடந்திருக்கிறது. ‘ஒரு மாதம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை’ என்று நிறுத்திவிடுகிறவர்களுக்கு இச்செய்தியைச் சொல்லவேண்டும்.

அதே குழுவினர் பின்னர் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பாதியினருக்குக் கைப்பேசியில் உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளை அடிக்கடி அனுப்பினர். 2 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 18 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இது 2013இல் வெளியாயிற்று. செலவு அற்பம். இருங்காட்டுக்கோட்டைப் பையன்களின் கையில் இல்லாதது எது இருந்தாலும் கைப்பேசி இல்லாமல் இல்லை.

நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுணாம்பேட்டில் இன்னொரு முயற்சி நடந்தது. 42 கிராமங்களில் மருத்துவ வண்டி ஒன்றைக் கொண்டுபோய் வீட்டு வாசலிலேயே சோதனை செய்து, செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவர்களோடு இணைத்தார்கள். கிராமத்தார் வரமாட்டார்கள் என்பது பொய்யாயிற்று. பெரியோர்களில் மிகப் பெரும்பாலோர் சோதித்துக்கொண்டனர். இன்று அந்த வசதி அரசாங்கத்தின் மூலமே கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. பின்னர் இது தொழிற்சாலைகளுக்கும் விரிந்தது.

பருமனைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளைப் பற்றிச் சில அங்கத்தினர்கள் விசாரித்தார்கள். செமாகுளுடைடு, டிர்செபடைடு என்பவை அவை. 2025இல் இந்தியாவில் எடைக் குறைப்புக்கென விற்பனைக்கு வந்தன. பயனுள்ளவைதாம். ஆனால் நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்புகிறது. மருத்துவர் மேற்பார்வையின்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது. விளம்பரத்தைப் பார்த்துத் தூளும் கஷாயமும் வாங்கிப் பணத்தைப் பாழாக்குவதை அறவே விடவேண்டும். அவ்வகையில் கடன் வாங்கியவர் ஒருவர் நம் சங்கத்திலேயே உண்டு, பெயர் வேண்டாம்.

சங்கமாக நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மகாசபைக் கூட்டத்தில் கேசரி, வடை, காப்பி என்பது தொன்றுதொட்ட வழக்கம். சென்ற கூட்டத்தில் கேசரியை நீக்கிச் சுண்டலும் மோரும் வைத்தோம். முணுமுணுப்பு எழுந்தது, இரண்டு அங்கத்தினர்கள் வெளியே போய்க் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்ததும் நமக்குத் தெரியும். நியாய விலைக் கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களே நடத்துபவை. அங்கே அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. 2023 முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு தருகிறார்கள். நம் மாவட்டத்துக்கும் அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். நம் குடியானவர்கள் கேழ்வரகு விளைப்பதை மறந்துவிடவில்லை. வாங்குவார் இல்லாமல்தான் விட்டார்கள்.

சங்க அலுவலகத்தில் ஓர் எடை யந்திரமும், வாசலில் ஒரு நூற்கண்டும் வைத்திருக்கிறோம். எடையை எவரும் உரக்கப் படிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். மனச்சோர்வு மிகுந்தவர்கள் 14416 என்ற எண்ணில் அரசாங்க மனநல உதவியைக் கட்டணமின்றி எந்நேரமும் பெறலாம். அந்த எண்ணும் அதனடியில் எழுதப்பட்டிருக்கிறது.

பையன் இப்போது ஷிப்டு முடிந்தபின் உடன் தங்கியிருக்கும் இருவரோடு ஏரிக்கரையில் நடக்கிறார். தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டார். நான்கு மாதத்தில் 3 கிலோ குறைந்து 78 ஆகியிருக்கிறது. இரத்த அழுத்தம் மருந்தோடு இறங்கியுள்ளது. உறக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று சோதிக்கச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் போகவில்லை. பெரியவர் இரு வேளையும் மாத்திரை சாப்பிடுகிறார். சித்திரையில் தாமே இருங்காட்டுக்கோட்டைக்குப் பேருந்து ஏறிப் போய் மகனைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நம்மிடம் சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாள், பீரோவில் கிடந்த அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரு பக்கமும் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் விடச் சொல்லித் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறாராம்.